சாரணியர் இயக்கம் வளர்த்த ஜூலியட் லோ அம்மையார்

ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்கள் 22-ஆம் நாளைச் சாரணியர் உலக சிந்தனை நாளாகக் கொண்டாடுகின்றனர். கெங்குவார்பட்டியில் வாழும் நாம், நம் ஊரிலும் தேவதானப்பட்டி, பெரியகுளம், வத்தலக்குண்டு பகுதிகளிலும் நீலச் சீருடையும் கழுத்துத் துண்டும் அணிந்து, மூன்று விரல் உயர்த்தி வணக்கம் செலுத்தும் சிறுமியரைக் கண்டிருப்போம். விழா மேடைக்கு அழகூட்ட வந்தவர்கள் என்று எண்ணி நகர்ந்திருப்போம். அந்த நாளைக் கொண்டாடும் எண்ணம் உதித்தது 1926-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கூடிய ஒரு முகாமில். அம்முகாம் அவ்வாண்டே கூடியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து நடத்தியவர் 65 வயது மூதாட்டி ஒருவர். செவிப்புலனைப் பெரிதும் இழந்தவர். மார்புப் புற்றுநோய் தம் உடலை அரித்து வருவதை வெளியில் சொல்லாமல் நடமாடியவர். அமெரிக்க நாட்டில் சாரணியர் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜூலியட் கோர்டன் லோ என்னும் அவ்வம்மையாரின் வரலாற்றை இவ்விதழில் காண்போம்.

ஜூலியட் 1860-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்துத் துறைமுக நகராகிய சவானாவில் பிறந்தார். தந்தையார் வில்லியம் வாஷிங்டன் கோர்டன் பருத்தித் தரகு வணிகர். தாயார் எலினோர் கின்சி, வடக்கே சிகாகோ நகரைச் சேர்ந்த பழைய குடும்பத்துப் பெண். அறுவராய்ப் பிறந்த மக்களில் ஜூலியட் இரண்டாமவர். குழந்தையைக் கண்ட உறவினர் ஒருவர் விளையாட்டாகச் சொன்ன டெய்சி என்ற பூவின் பெயரே வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் அவரை அழைக்கும் பெயராக இறுதிவரை நிலைத்துவிட்டது.

அக்குடும்பத்தின் செல்வத்தைப் பற்றி ஒரு சொல் கூறாமல் மேலே செல்வது நேர்மையாகாது. தென்மாநிலங்களின் பருத்தி ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. கோர்டன் குடும்பமும் அடிமைகளை வைத்திருந்த குடும்பமே. ஜூலியட் பிறந்த சில மாதங்களிலேயே, 1861-இல், அடிமை முறையை மையமாகக் கொண்ட உள்நாட்டுப் போர் மூண்டது. தந்தையார் தென்னவர் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். தாயாரின் உடன்பிறந்தார் வடவர் படையில் நின்றனர். ஒரே வீட்டுக்குள் இரு நாடுகள் மோதிய காலம் அது. சிறுமியின் முதல் நான்கு ஆண்டுகள் பற்றாக்குறையிலும் அச்சத்திலும் கழிந்தன.

1864-ஆம் ஆண்டு டிசம்பரில் வடவர் படைத்தலைவர் ஷெர்மன் சவானாவைக் கைப்பற்றினார். தாயாரின் பிறந்தவீட்டாரை அறிந்தவராதலால் கோர்டன் வீட்டுக்கும் வந்தார். போர்க்காலத்தில் சர்க்கரை என்பதையே அறியாமல் வளர்ந்த குழந்தைகளுக்கு அவர் சர்க்கரை கொடுத்தாராம். பகைவர் என்று கேட்டு வளர்ந்த ஒருவர் கையிலிருந்து முதல் இனிப்பைச் சுவைத்த அந்நிகழ்ச்சி அக்குடும்பத்தில் நெடுங்காலம் பேசப்பட்டது. பின்னர்த் தாயும் மக்களும் சிகாகோவில் இருந்த பாட்டனார் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். தாய்வழி முன்னோர் ஒருவர் சிறுமியாய் இருந்தபோது செனெகா என்னும் செவ்விந்தியக் குடியினரால் கவர்ந்து செல்லப்பட்டு அவர்களிடையே மகளைப்போல் வளர்ந்து, பின்பு பெற்றோரிடம் மீண்டார் என்பது அவ்வீட்டுப் பழங்கதை. பிற்காலத்தில் முகாம் தீயைச் சூழ்ந்து அமர்ந்த சிறுமியருக்கு ஜூலியட் அம்மையார் விரும்பிச் சொன்ன கதைகளுள் அதுவும் ஒன்று.

இளமையிலேயே அவரிடம் இரக்கமும் அவசரமும் ஒருங்கே குடிகொண்டிருந்தன. குளிர் மிகுந்த ஓர் இரவில் தொழுவத்துப் பசு நடுங்குமே என்று கவலையுற்று, வீட்டிலிருந்த நல்ல போர்வையை எடுத்துச் சென்று அதன்மேல் போர்த்திவிட்டார். காலையில் அப்போர்வை பசுவின் காலடியில் மிதிபட்டுக் கிடந்தது. நாய், பூனை, பறவை என்று எவ்வுயிர் துன்புற்றாலும் அவருக்குப் பொறுக்காது. உயிர்களிடத்து அன்பு பூணுதலை அறமெனக் கொண்ட நம்மவர்க்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் இதே பெண் நரி வேட்டையைப் பெருமையாகக் கருதிய கூட்டத்தில்தான் பின்னர் வாழ்க்கைப்பட்டார் என்பதையும் சேர்த்தே அறிய வேண்டும்.

மற்றொரு நிகழ்ச்சி நகைப்புக்குரியது. ஏழை இத்தாலியக் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு ஆடை தைத்துத் தருவதற்காகத் தோழியரைச் சேர்த்து உதவும் கரங்கள் என்றொரு சங்கம் அமைத்தார். சங்கத் தலைவிக்கே தையல் சரியாகத் தெரியாது. தைத்துத் தந்த ஆடைகள், அணிந்த பிள்ளைகள் ஓடி விளையாடியவுடனே தையல் விட்டுப் பிரிந்தன. உதவாக் கரங்கள் என்று ஊர்ப் பையன்கள் கேலி செய்தனர். அவருடைய எழுத்தில் பிழைகளும் வாழ்நாள் முழுவதும் மலிந்திருந்தன. ஓர் இயக்கத்தைத் தோற்றுவித்தவர் எல்லாம் அறிந்தவராய் இருந்திருப்பார் என்று எண்ணும் வழக்கம் நமக்கு உண்டு. இவர் அப்படிப்பட்டவர் அல்லர்.

அக்காலத்துச் செல்வர் வீட்டுப் பெண்களுக்கு உரிய கல்வி அவருக்குக் கிடைத்தது. வர்ஜீனியாவில் இரண்டு விடுதிப் பள்ளிகளிலும், பின்பு நியூயார்க்கில் பிரெஞ்சுச் சகோதரியர் நடத்திய பள்ளியிலும் பயின்றார். ஓவியம், நடனம், பிரெஞ்சு மொழி, அவையில் நடந்துகொள்ளும் முறை இவையே பாடங்கள். அங்கு ஓவியத்தில் தேர்ச்சி பெற்றார். 1880-இல் தங்கை ஆலிஸ் செங்காய்ச்சல் கண்டு இறந்தது அவரை மிகவும் வாட்டியது.

ஏறத்தாழ 24 வயதில் அவருக்குக் காதில் வலி ஏற்பட்டது. வெள்ளி நைட்ரேட் என்னும் மருந்தைச் செவிக்குள் இடுமாறு மருத்துவரை அவரே வற்புறுத்தினார். புதிய மருத்துவம் என்று எங்கோ கேள்விப்பட்டதே காரணம். மருந்து நலம் செய்யவில்லை. ஒரு செவியின் கேட்கும் ஆற்றலைக் கெடுத்துவிட்டது. 1886 டிசம்பர் 21-ஆம் நாள், பெற்றோரின் திருமண நாளிலேயே, வில்லியம் மக்கே லோ என்னும் பெருஞ்செல்வரை மணந்தார். நம் மணவிழாக்களில் அட்சதை தூவுவதுபோல் அந்நாட்டிலும் மணமக்கள்மீது அரிசி தூவி வாழ்த்தும் வழக்கம் உண்டு. தூவிய அரிசியில் ஒரு மணி மணமகளின் மற்றொரு செவிக்குள் புகுந்து சிக்கிக்கொண்டது. அதை எடுக்க முயன்றபோது செவிப்பறை கிழிந்து சீழ் பிடித்தது. வாழ்த்தாக வந்த அரிசி மணியே நல்ல செவியையும் கெடுத்தது. இல்வாழ்க்கையின் வாயிலிலேயே உலகின் ஒலிகள் அவரை விட்டு விலகத் தொடங்கின.

கணவர் இங்கிலாந்தில் பெரும் சொத்துக்கு உரியவர். வார்விக்ஷயர் பகுதியில் வெல்ஸ்போர்ன் என்னுமிடத்தில் மாளிகை. வேட்டை, விருந்து, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம் என்று பொழுது கழியும். வேலை என்பதே இல்லாத வாழ்க்கை அது. ஜூலியட் விருந்தினரை மகிழ்விப்பதில் வல்லவராகப் பெயர் பெற்றார். ஆயினும் மக்கட்பேறு வாய்க்கவில்லை. கணவரோ நாளடைவில் நெடும்பயணங்களிலும் குடியிலும் மூழ்கினார். தனித்து விடப்பட்ட அம்மையார் மரச்செதுக்கு வேலை கற்றார். பின்னர்க் கொல்லு வேலையே கற்றார். செல்வச் சீமாட்டி ஒருவர் உலைக்களத்தில் சம்மட்டி பிடித்து இரும்பு அடித்தார் என்றால் அந்நாளில் நம்புவார் இல்லை. தம் கையாலேயே இரும்புக் கதவுகள் இரண்டு செய்து மாளிகை வாயிலில் நிறுத்தினார். சும்மா இருக்க இயலாத கைகள் அவை.

1898-இல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டபோது தந்தையார் படைத்தலைவராகச் சென்றார். தாயார் ஃபுளோரிடா மாநிலத்து மயாமியில் நோயுற்ற வீரர்களுக்கு மருத்துவ விடுதி அமைத்தார். ஜூலியட்டும் இங்கிலாந்திலிருந்து வந்து தாயாருடன் பணி செய்தார். பிறருக்குப் பயன்படும் வாழ்க்கையின் சுவையை அவர் முழுமையாக அறிந்தது அங்கேதான் என்று நாம் கருதுகிறோம். பணி முடிந்து அவர் திரும்பிய வீட்டில் அத்தகைய வாழ்வுக்கு இடமில்லை.

கணவர் வேறொரு பெண்மணியுடன் தொடர்பு கொண்டு, 1901-ஆம் ஆண்டு மனைவியிடம் மணவிலக்குக் கேட்டார். அக்காலத்தில் மணவிலக்குப் பெற்ற பெண் சமுதாயத்தில் தலைகாட்ட இயலாது. வழக்கு இழுத்துக்கொண்டிருக்கையில் 1905-இல் கணவர் இறந்துவிட்டார். உயிலைத் திறந்து பார்த்தபோது, சொத்தின் பெரும்பகுதியை அந்தப் பெண்மணிக்கே எழுதி வைத்திருப்பது தெரியவந்தது. ஏறத்தாழ 19 ஆண்டு இல்லறம் இவ்வாறு முடிந்தது. மனைவியார் போராடிய பின்னரே வாழ்வுக்குப் போதிய வருவாயும் சவானாவில் ஒரு வீடும் கிடைத்தன. கணவர் இல்லை, மக்கள் இல்லை, செவி கேட்பதில்லை. வயது 45-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தியா உட்படப் பல நாடுகளைச் சுற்றினார். பாரிஸ் நகரில் சிற்பக்கலை பயின்றார். எதிலும் மனம் நிலைகொள்ளவில்லை. எதற்கும் பயன்படாத வாழ்க்கையாகிவிட்டதே என்ற ஏக்கம் அவரை ஓயாது வருத்தியது.

1911-ஆம் ஆண்டு மே மாதம் ஒரு விருந்தில், சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் பெருமகனாரைச் சந்தித்தார். இருவரும் சிற்பத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிச் சாரணர் பணியில் வந்து நின்றனர். இங்கு அவ்வியக்கத்தின் பழைய கதையையும் சற்றுச் சொல்ல வேண்டும். சாரணர் பயிற்சி சிறுவர்களுக்காகவே வகுக்கப்பட்டது. ஆனால் 1909-ஆம் ஆண்டு லண்டன் கிறிஸ்டல் பேலசில் சாரணர் பேரணி நடந்தபோது, அழைப்பு ஏதுமின்றிச் சிறுமியர் சிலரும் தாமாகவே தொப்பி அணிந்து, கோல் ஏந்தி, அணிவகுப்பில் வந்து நின்றுவிட்டனர். அவர்களைத் துரத்தவும் இயலாமல் சேர்க்கவும் மனமில்லாமல், 1910-இல் சிறுமியருக்கெனத் தனி அமைப்பை ஏற்படுத்தித் தம் தங்கையார் ஆக்னஸ் பேடன் பவலின் பொறுப்பில் விட்டார் பேடன் பவல். இன்று உலகெங்கும் பரவி நிற்கும் சாரணியர் இயக்கம், வேண்டாத விருந்தாளிகளாய் வந்த அச்சிறுமியரின் துணிவில் பிறந்ததே.

அவ்வாண்டு ஆகஸ்டில் ஜூலியட் அம்மையார் ஸ்காட்லாந்தின் கிளென் லயன் பள்ளத்தாக்கில் தங்கியிருந்தார். அங்குள்ள ஏழைச் சிறுமியர் எழுவரைக் கூட்டித் தம் முதல் குழுவைத் தொடங்கினார். கிழமைதோறும் அவர்கள் நெடுந்தொலைவு நடந்து அவர் வீட்டுக்கு வந்தனர். முடிச்சுப் போடுதல், வரைபடம் பார்த்தல், முதலுதவி, சமையல் இவற்றைக் கற்பித்ததோடு அவர் நிற்கவில்லை. அப்பள்ளத்தாக்கில் பிழைப்புக்கு வழியில்லை. சிறு வயதிலேயே பெண்கள் தொலைதூர நகரங்களின் ஆலைகளுக்கு வேலைக்குப் போய்விடுவர். அங்கே உடல்நலம் கெட்டு வாடுவர். இதை அறிந்த அம்மையார், ஊரிலேயே இருந்து வருவாய் தேடும் வகையில் கோழி வளர்க்கவும் ஆட்டு மயிரை நூலாக நூற்கவும் அவர்களுக்குப் பயிற்சி அளித்தார். நூற்பதைத் தாமே முதலில் கற்றுக்கொண்டு பிறகு கற்பித்தார். கோழிகளையும் நூலையும் விலைக்கு வாங்குவோரையும் அவரே தேடிக் கொடுத்தார்.

இப்பகுதியைப் படிக்கும்போது நம் பள்ளத்தாக்கை நினைக்காமல் இருக்க இயலவில்லை. தேனி மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்தும் பள்ளிப் படிப்பை முடித்தும் முடிக்காமலும் திண்டுக்கல், கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்குப் போன இளம்பெண்கள் பலர். திருமணச் செலவுக்கென மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி, சில ஆண்டுகள் ஆலை விடுதிகளிலேயே தங்கவைத்து வேலை வாங்கிய திட்டங்களைப் பற்றி நீதிமன்றங்கள் வரை பேசப்பட்டது. மலையடிவார ஊரில் பிறந்த பெண்ணுக்கு ஊரிலேயே ஒரு தொழிலும் தன்மதிப்பும் கிடைக்க என்ன வழி என்ற கேள்வி, கொடைக்கானல் மலையின் கீழே வாழும் நமக்கும் கிளென் லயனுக்கும் பொதுவானது. கோழி வளர்ப்பை நாம் ஏற்போமா என்பது வேறு செய்தி. கேள்வியைச் சரியாகக் கேட்டவர் அம்மையார் என்பதே நாம் சொல்ல வந்தது.

லண்டனிலும் இரண்டு குழுக்களைத் தொடங்கிவிட்டு, 1912 சனவரியில் கப்பலேறினார். பேடன் பவலும் அதே கப்பலில் பயணம் செய்தார். அவர் தம் வருங்கால மனைவியார் ஓலேவ் அம்மையாரைச் சந்தித்ததும் அக்கப்பலிலேதான். சவானாவில் இறங்கிய ஜூலியட், பெண்கள் பள்ளி ஒன்றை நடத்திவந்த தம் உறவினர் நினா பேப் என்பவரைத் தொலைபேசியில் அழைத்து, சவானாச் சிறுமியருக்கும், அமெரிக்கா முழுமைக்கும், உலகத்துக்குமே உரிய ஒன்றைக் கொண்டுவந்திருப்பதாகவும் அன்றிரவே தொடங்க வேண்டும் என்றும் தெரிவித்தார். மார்ச் 12-ஆம் நாள் 18 சிறுமியர் பதிவு செய்துகொண்டனர். அம்மையார் தம் வீட்டின் பின்புறம் இருந்த வண்டிக் கொட்டகையையே அலுவலகமாக்கினார்.

அச்சிறுமியர் கூடைப்பந்து விளையாடினர். காற்சட்டை போன்ற விளையாட்டு உடையில் பெண்களைத் தெருவில் போவோர் பார்ப்பது தகாது என்று கருதிய காலம். ஆகவே ஆடுகளத்தைச் சுற்றிக் கித்தான் துணியால் திரை கட்டினர். திரைக்குள்ளே பெண்கள் ஓடினர், குதித்தனர், கூவினர். பறவைகளையும் செடிகொடிகளையும் அறிய வால்டர் ஹாக்சி என்னும் இயற்கை நூலறிஞர் துணைபுரிந்தார். அவர் துணையுடன் 1913-இல் அமெரிக்கச் சிறுமியருக்கான கையேடு வெளிவந்தது. வீட்டுப் பணியோடு தந்தி, மின்சாரம் போன்ற தொழில்களையும் பெண்கள் அறியலாம் என்று அந்நூல் காட்டியது. அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததோ 1920-இல்தான் என்பதை நினைவில் கொண்டால் இதன் அருமை விளங்கும்.

1913-இல் இயக்கத்தின் பெயர் கேர்ள் ஸ்கவுட்ஸ் என்று மாற்றப்பட்டது. வாஷிங்டனில் தலைமை அலுவலகம் திறக்கப்பட்டது. இங்குதான் பெரிய எதிர்ப்பு எழுந்தது. அமெரிக்கச் சிறுவர் சாரணர் அமைப்பின் தலைமை அலுவலர் ஜேம்ஸ் வெஸ்ட், சிறுமியர் ஸ்கவுட் என்ற சொல்லைப் பயன்படுத்துவதைக் கடுமையாக எதிர்த்தார். அச்சொல் பெண்களுக்கும் உரியதானால் சிறுவர்கள் அதைப் பெருமையாகக் கொள்ளமாட்டார்கள் என்பது அவர் வாதம். வேறொரு சிறுமியர் அமைப்புடன் இணைந்து பெயரை விட்டுவிடுமாறும் வற்புறுத்தப்பட்டது. அம்மையார் இணங்கவில்லை. இப்பூசல் பல ஆண்டுகள் நீடித்தது. ஒரு நூற்றாண்டு கழித்து அதே சிறுவர் அமைப்பு 2018-19 ஆண்டுகளில் சிறுமியரையும் உறுப்பினராகச் சேர்க்கத் தொடங்கியது. 2025-இல் தன் பெயரிலிருந்து சிறுவர் என்னும் சொல்லையே நீக்கிக்கொண்டது. ஜூலியட் அம்மையார் இதைக் கண்டிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்.

பொருள் திரட்டுவதில் அவர் கையாண்ட முறைகள் தனி வகை. முதல் சில ஆண்டுகள் செலவு முழுவதையும் தாமே ஏற்றார். அலுவலக வாடகை, சம்பளம், சீருடை, அச்சுக்கூலி எல்லாம் அவர் கைப்பணம். அது போதாதபோது தம் அரிய முத்துமாலையை 8,000 டாலருக்கு விற்றார். கையை விட்டுப் போன நகைக்கு அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. செல்வர் கூடும் விருந்துக்கு ஒருமுறை காரட்டும் கொத்துமல்லி போன்ற கீரையும் சூடிய தொப்பியுடன் போனார். உணவு நடுவே கீரை வாடித் தொங்கியது. எல்லோரும் பார்த்தனர். சிறுமியர் இயக்கத்துக்குப் பணம் மிச்சம் பிடிப்பதால் தொப்பிக்கு வேறு அலங்காரம் செய்ய வசதியில்லை என்று விளக்கம் தந்தார். நன்கொடை வந்து சேர்ந்தது. வேலையை ஒப்படைக்கும்போது மறுப்பவர் சொல்வது மட்டும் அவர் காதில் விழாது. முடியாது என்று எத்தனை முறை சொன்னாலும் புன்னகையுடன் நன்றி கூறி அடுத்த கூட்டத்துக்கு வருமாறு சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். இதில் செவிடு எவ்வளவு, சூழ்ச்சி எவ்வளவு என்பதை அவருடன் பணிபுரிந்தவர்களாலும் பிரித்தறிய முடியவில்லை. சாரணியருக்கெனப் புதிய காலணி வந்தபோது, ஆட்சிக்குழுக் கூட்டத்தில் தலைகீழாக நின்று காலைத் தூக்கி உறுப்பினர்களுக்குக் காட்டினார். அப்போது அவர் ஐம்பதைக் கடந்தவர்.

1915-இல் அமைப்பு சட்டப்படி பதிவாயிற்று; அம்மையாரே முதல் தலைவர். முதல் உலகப் போரில் சாரணியர் காய்கறித் தோட்டம் போட்டனர், செஞ்சிலுவைப் பணியில் உதவினர், போர்க் கடன் பத்திரங்கள் விற்றனர். 1917-இல் ஓக்லஹோமா மாநிலத்து மஸ்கோகி நகரில் ஒரு குழு, செலவுக்காகப் பிஸ்கட்டு சுட்டு விற்றது. அந்த விற்பனை பின்னாளில் அந்நாடு முழுதும் அறிந்த வழக்கமாயிற்று. உறுப்பினர் தொகை வேகமாகப் பெருகியது.

இவ்வரலாற்றில் ஒரு குறையை மறைத்தல் கூடாது. சவானாவில் தொடங்கிய முதல் குழுக்களில் செல்வர் வீட்டுச் சிறுமியரோடு யூதர் குலத்துச் சிறுமியரும் அனாதை இல்லத்துச் சிறுமியரும் சேர்க்கப்பட்டனர். அந்நகரின் வழக்கத்தை நோக்க அது துணிவே. ஆனால் கறுப்பினச் சிறுமியருக்கு அங்கே இடமில்லை. வடபகுதிகளில் 1917-ஐ ஒட்டிக் கறுப்பினச் சிறுமியரின் குழுக்கள் தோன்றினாலும், தென்மாநிலங்களில் கதவு நெடுங்காலம் மூடியே இருந்தது. டென்னசி மாநிலத்தில் ஜோசபின் ஹாலோவே என்னும் கறுப்பினப் பெண்மணி 1920-களிலிருந்து முயன்று, 1942-இல்தான் தம் குழுவுக்கு ஏற்பு பெற்றார். எல்லாச் சிறுமியருக்கும் உரியது என்று சொல்லித் தொடங்கிய அம்மையார், தாம் பிறந்த ஊரின் நிறவேற்றுமைச் சுவரை மோதி உடைக்கவில்லை. பருத்தியால் வந்த செல்வத்தின் நிழல் அதுவரை நீண்டிருந்தது என்றே கூற வேண்டும். நம் நாட்டிலும் இதற்கு இணையான செய்தி உண்டு. இந்தியாவில் முதல் சாரணியர் குழு 1911-இல் ஜபல்பூரில் அமைந்தபோது அது ஐரோப்பியச் சிறுமியருக்கே உரியதாக இருந்தது. சிறுவர் சாரணரில் இந்தியரைச் சேர்க்காத நிலை கண்டு, அன்னி பெசன்ட் அம்மையார் 1917-இல் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனத் தனி அமைப்பையே தொடங்க நேர்ந்தது. விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7-ஆம் நாள் பல அமைப்புகளும் இணைந்து பாரத சாரணர் சாரணியர் இயக்கம் உருவாயிற்று. சாரணியர் பிரிவு 1951 ஆகஸ்டு 15-ஆம் நாள் அதனுடன் சேர்ந்தது.

1920-இல் ஜூலியட் அம்மையார் தலைமைப் பொறுப்பைத் தாமே விட்டு விலகினார். தோற்றுவித்தவர் என்னும் பட்டம் மட்டும் அவருக்கு நின்றது. தாம் வளர்த்த அமைப்பைத் தம் கையிலேயே இறுதிவரை பிடித்துக்கொள்ளாமல் இளையவரிடம் ஒப்படைத்தது நமக்குப் பெரிதாகவே படுகிறது. அதன்பின் அவர் உள்ளம் பல நாட்டுச் சிறுமியரின் நட்புறவிலேயே நின்றது.

1923-இல் மார்பில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அறுவைச் சிகிச்சைகளைச் செய்துகொண்டார். நெருங்கியவர் சிலரைத் தவிர வேறு எவருக்கும் தெரிவிக்கவில்லை. உலகச் சாரணியர் மாநாட்டை அமெரிக்காவில் கூட்ட வேண்டும் என்பது அவர் கனவு. நியூயார்க் மாநிலத்து எடித் மேசி முகாமே அதற்கு ஏற்ற இடம். ஆனால் இடம் அப்போதுதான் கிடைத்திருந்தது. கட்டடமும் பாதையும் ஆயத்தமாகவில்லை. ஆகவே சில ஆண்டுகள் தள்ளிவைக்கலாம் என்றனர் நிர்வாகிகள். காத்திருக்கத் தமக்குக் காலமில்லை என்பதை அவர் மட்டுமே அறிவார். அதைச் சொல்லாமலே 1926-ஐப் பிடித்து நின்றார். அவசர அவசரமாகக் கட்டடங்கள் எழுந்தன. மே மாதத்தில் பல நாட்டுப் பேராளர்களும் பேடன் பவல் தம்பதியரும் அங்கே கூடினர். அங்கேதான் பேடன் பவல், ஓலேவ் இருவரின் பிறந்தநாளுமாகிய பிப்ரவரி 22-ஐச் சிந்தனை நாளாகக் கொள்வதென முடிவாயிற்று.

எட்டு மாதங்களே கழிந்தன. 1927 சனவரி 17-ஆம் நாள் சவானாவில், தம் 66-ஆம் வயதில் அம்மையார் இயற்கை எய்தினார். அவர் விருப்பப்படியே சாரணியர் சீருடை உடுத்தி, லாரல் குரோவ் கல்லறையில் அடக்கம் செய்தனர். அவர் நாட்டின் முதல் சாரணியர் மட்டுமல்லர், எல்லோரினும் சிறந்த சாரணியரும் அவரே என்று இயக்கத்தார் அனுப்பிய தந்தி, சீருடையின் சட்டைப் பையில் வைக்கப்பட்டது. பதினெட்டுப் பேருடன் தொடங்கிய இயக்கத்தில் அப்போது 1,68,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர் இருந்தனர்.

அவர் நினைவாகத் தொடங்கிய நட்புறவு நிதி பல நாட்டுச் சாரணியரின் பயணங்களுக்கும் கூட்டங்களுக்கும் உதவி வருகிறது. 1948-இல் அமெரிக்க அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது. அவர் பிறந்த வீட்டைச் சாரணியர் அமைப்பே வாங்கி 1956-இல் நினைவகமாகத் திறந்தது. 2012-இல் அந்நாட்டின் உயரிய விடுதலைப் பதக்கமும், 2025-இல் அவர் உருவம் தாங்கிய கால் டாலர் நாணயமும் வந்தன. நம் நாட்டில் புனே நகரில் சங்கம் என்னும் பெயருடன் உலகச் சாரணியர் மையம் ஒன்று இருக்கிறது. அதனை 1966 அக்டோபரில் திறந்து வைத்தவர், 1912-ஆம் ஆண்டுக் கப்பலில் அவருடன் பயணம் செய்த ஓலேவ் அம்மையார். உலைக்களத்தில் ஜூலியட் தம் கையால் அடித்துச் செய்த அந்த இரும்புக் கதவுகளும் வெல்ஸ்போர்னிலிருந்து கடல் கடந்து சவானாவுக்கே வந்து சேர்ந்தன.